பொய் எழுதும் இடம்

சுன்னாகம் சந்தைக்குப் பின்னால்
என் கடைப் பலகையில்
போட்டோக்கொப்பி, லமினேற்றிங், பாஸ்போட் படம்
என்றுதான் இருக்கிறது.
மறந்த கடவுச்சொல்லுக்கும்
களவுபோன கணக்குக்கும்
இங்கேதான் வருகிறார்கள்.

இன்று பத்மலோஜினி.
தையற்காரி.
சட்டைக் கையில் நீல நூலொன்று ஒட்டியபடி.

முந்தநாள் ஒரு குறுஞ்செய்தி.
உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது,
எண்பத்தொன்பது ரூபா கட்டவும்.

எங்கள் ஊரில்
ஆருக்குத்தான் பார்சல் வருவதில்லை?
அவவுக்கு ஸ்காபரோவில் தங்கச்சி,
லூசேர்னில் மச்சான்.
பொறி வைத்தவன் யாழ்ப்பாணத்தைக் கண்டிருக்கமாட்டான்.
ஆனாலும் அளவெடுத்துத் தைத்த மாதிரி
எங்களுக்குப் பொருந்துகிறது.

லிங்க்கைக் காட்டினா.
தபால் என்று தொடங்கி
நடுவில் ஓர் எழுத்துக் கூடி
கடைசியில் நான் கேள்விப்படாத
ஏதோ நாட்டின் வால்.

"பூட்டுப் படம் இருந்தது அண்ணை."

இருந்தது.
கள்ளன் வீட்டுக்கும் பூட்டுப் போடுவான்தானே.

பிறகு ஒருவன் போனில் கேட்க
வந்த ஆறு இலக்கத்தையும்
அவவே வாசித்துச் சொல்லியிருக்கிறா,
ஆறுதலாக,
அவனுக்குப் பிழைக்கக்கூடாதென்று
இரண்டு தரம்.

வங்கிக்கு எடுத்தோம்.
அட்டையை நிறுத்தினார்கள்.
பதினெண்ணாயிரம் போனது போனதுதான்.
ஒரு தீபாவளிச் சீசன் முழுக்கத் தைத்த காசு.

அடுத்தது மின்னஞ்சல்.
புதுக் கணக்கு, பாதுகாப்புக்கென்று
மூன்று கேள்வி கேட்டது.

உங்கள் முதல் வீடு எந்தத் தெருவில் இருந்தது?

"எந்த முதல்?
மயிலிட்டி வீடு எனக்கு ஞாபகமில்லை.
காணியைத் திருப்பித் தந்தபோது
வீடுமில்லை, தெருவுமில்லை.
அளவெட்டியில் ஒரு கொட்டில்.
பிறகு கொடிகாமத்தில் ஒரு வகுப்பறை,
ஐந்தாம் வகுப்பு பி."

உங்கள் முதல் பள்ளிக்கூடம்?

"அதுக்கும் அந்த வகுப்பறையையே போடலாமோ?"
சிரித்தா. நானும் சிரித்தேன்.
பிறகு இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

உங்கள் தாயின் குடும்பப் பெயர்?

"அம்மாவுக்கு முதலில் தகப்பன்ரை பேர்,
பிறகு புருசன்ரை பேர்.
குடும்பத்துக்கெண்டு ஒண்டு எங்க கிடந்தது?"

பொய் எழுதுங்கோ, என்றேன்.

நிமிர்ந்து பார்த்தா.

உண்மையை ஆரும் எடுக்கலாம்.
போன மாசம் உங்கட அம்மாவின்ரை மரண அறிவித்தல்,
'மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும்
அளவெட்டியை வதிவிடமாகவும் கொண்ட' எண்டு தொடங்கி
தாய், தகப்பன், பிள்ளை, மருமக்கள்,
பேரப்பிள்ளை வரைக்கும்
படத்தோடு இணையத்தில் கிடக்குது.
கள்ளன் கதவு உடைக்கத் தேவையில்லை.
நாங்களே அழுதழுது வாசிச்சுக் காட்டிறம்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா.

"இவ்வளவு காலமும்
எந்தப் படிவத்திலும் பொய் எழுதினதில்லை.
பதிவு, நிவாரணம், மீள்குடியேற்றம்.
எல்லாத்திலும் உண்மைதான்."

நான் லமினேற்றிங் மெசின் பக்கம் திரும்பி நின்றேன்.
கடவுச்சொல் அடிக்கும்போது
முகம் திருப்புவது
இந்தக் கடையின் ஒரே ஒழுக்கம்.

விசைகள் கேட்டன.
ஒரு நீண்ட சொல். அழித்தா.
அதைவிட நீண்ட ஒரு சொல்.

வாசல்வரை போய்த் திரும்பி வந்தா.
"உண்மையெண்டால் மறக்காது.
பொய்யை எங்க எழுதி வைக்கிறது?"

கணினிக்கு வெளியால, என்றேன்.
கைப்பையிலிருந்து அளவுக் கொப்பியை எடுத்தா.
யாரோ ஒருத்தியின் தோள் அகலத்துக்கும்
கைநீளத்துக்கும் நடுவில்,
எனக்குத் தெரியாமல் கையால் மறைத்துக்கொண்டு,
ஒரு தெருவை எழுதினா.

கரண்ட் போனது.
யூபிஎஸ் கத்தத் தொடங்கியது.
மழைக்கு ஒதுங்கிய ஒரு பெடியன்
வெளிச்சம் விடும் போனை நீட்டுகிறான்:
"அண்ணை, எனக்கொரு பார்சல் வந்திருக்காம்."